நோக்கம் கண்டோர் விழா

மீட்டர்காரர் ஓய்வுபெற்று நாற்பது நாள் ஆவதற்குள் அவர் மனைவிக்கு வீடு சின்னதாகிவிட்டது. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதிய மனிதர் அவர். எந்த வாசலிலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. அப்படிப்பட்டவர் இப்போது ஒரே வீட்டில் காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை நின்றார். கை சும்மா இருக்கவில்லை என்று சொந்த வீட்டு மீட்டரையே நாளைக்கு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீ தையல் மிஷின்ல உக்காந்ததுலேருந்து அரை யூனிட் ஓடியிருக்கு."

மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். அன்றைக்கு நாற்பது பாவாடைக்கு மடிப்பு வைக்க வேண்டியிருந்தது. அவள் மிஷினை நிறுத்தாமல், "அந்த அரை யூனிட்டையும் எழுதி என் தலையில ஒட்டுங்க" என்றாள்.

மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த துண்டு விளம்பரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தவளும் அவள்தான். 'உங்கள் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருக்கிறதா? வழிதவறும் நிலையில் உள்ள இளையோர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். நம்பிக்கை நிலையம், இரண்டாவது மாடி.'

"நிஜமாவே எனக்காகவா காத்துட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க."

நம்பிக்கை நிலையம் முன்பு நாற்காலிக் கடையாக இருந்த கட்டடத்தில் இயங்கியது. கடை போனாலும் நாற்காலிகள் போகவில்லை. அவற்றில் நடுவயதுக்காரர்களும் அதைத் தாண்டியவர்களும் வரிசையாக உட்கார்ந்து பதினான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில், 'உங்களுக்குள் இருக்கும் வெறுமையைப் பத்துக்கு மதிப்பிடுக' என்று இருந்தது. மீட்டர்காரர் யோசித்து நாலு என்று போட்டார்.

ஒருங்கிணைப்பாளர் அம்மையார் படிவத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். வெண்ணெய் தடவினாற்போல் குரல்.

"நாலுக்கு நாங்க எடுக்கறதில்ல சார். நாலு அஞ்செல்லாம் பாதியில விட்டுட்டுப் போயிடறாங்க. இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்க."

மீட்டர்காரர் கண்ணை மூடி உள்ளே போய்ப் பார்த்தார். மதியம் மூன்று மணிக்குத் தன் வீட்டு நடை எப்படி இருக்கும் என்று தெரிந்தது. ஏழு போட்டார். மேடம் முகம் மலர்ந்து கைகொடுத்தார்.

ஆறு சனிக்கிழமை பயிற்சி. முதல் சனி, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் நம்பிப் பின்பக்கமாக விழ வேண்டும். மீட்டர்காரருக்கு ஜோடியாக வந்தவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், நல்ல கனத்த உடம்பு. அவர் முழு நம்பிக்கையோடு விழுந்தார். மீட்டர்காரருக்கு இரண்டு வாரம் இடுப்பு வலி இருந்தது. பேங்க் மேனேஜர் எழுந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "முப்பது வருஷமா யாரும் என்னைத் தாங்கினதில்ல சார்" என்றார். மீட்டர்காரருக்கு அடியிலிருந்து பதில் சொல்ல மூச்சு வரவில்லை.

மூன்றாம் சனியில்தான் விஷயத்துக்கு வந்தார்கள். மேடம் பலகையில் 'உதவி' என்று எழுதி, அதன் மேல் பெரிதாகக் குறுக்குக்கோடு போட்டார்.

"இந்த வார்த்தை இங்க கிடையாது. உதவி செஞ்சா என்ன ஆகும்? பிரச்சினை தீர்ந்துடும். தீர்ந்துட்டா அந்தப் பிள்ளை நம்மகிட்ட வராது. வரலைன்னா உறவு எப்படி வளரும்? நாம இங்க உறவை வளர்க்க வந்திருக்கோம். பிரச்சினையில கைவெச்சு அதைக் கெடுத்துடாதீங்க."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். மீட்டர்காரர் கையைத் தூக்கினார்.

"அப்ப நாங்க என்ன செய்யணும் மேடம்?"

"உடன் பயணிக்கணும்."

"எங்க மேடம்?"

"அது அவங்க பயணம் சார். எங்கன்னு நாம கேக்கக் கூடாது."

அறிவுரை கூடாது, வாக்குறுதி கூடாது, பண்டம் வாங்கிக் கொடுக்கக் கூடாது, வீட்டு விலாசம் கூடாது. பதினாறாம் விதி, எந்தத் தாளிலும் அவர்களுக்காகக் கையெழுத்துப் போடக் கூடாது. மீட்டர்காரர் அனைத்தையும் மனப்பாடம் செய்தார். விதி என்று ஒன்று அச்சில் இருந்தால் அதன்படி நடப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. நாய் இருக்கிற வீட்டில் மணியடித்துவிட்டு எட்டடி தள்ளி நில் என்று வாரியத்தில் சொல்லியிருந்தார்கள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கடி வாங்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் இளையோரைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் நாள் வந்தது. அங்கேதான் ஒரு சிறு சிக்கல் தெரியவந்தது. தொண்டர்கள் நாற்பத்து மூன்று பேர். வழிதவறும் இளையோர் பதிவேட்டில் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் நாலு பேர் ஒரே ஒரு நாள் வந்து பிஸ்கட் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள். இரண்டு பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். ஒருவன் காவலில் இருந்தான். இன்னொருவனுக்கு இருபத்தாறு வயதாகி இரண்டு குழந்தைகள் இருந்தன; பெயரை எடுக்க மனம் வரவில்லை என்று விட்டுவைத்திருந்தார்கள். மிச்சம் ஒரே ஒருத்தி. பதினாறு வயது. ஆள் சின்னதாக, உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட்டார்கள்.

ஆகவே நாற்பத்து மூன்று பேருக்கும் பட்டாணியை நேரம் போட்டுப் பிரித்தார்கள். வாரத்துக்குப் பதினோரு பேர். மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியல். பேங்க் மேனேஜர் மேலே எங்கோ பேசி வாரத்துக்கு இரண்டு நாள் வாங்கிக்கொண்டார். மீட்டர்காரருக்கு வியாழக்கிழமை நாலு இருபதிலிருந்து நாலு நாற்பத்தைந்து வரை கிடைத்தது. இருமல் வந்து ஒருவர் விலகியதால் கிடைத்த அதிர்ஷ்டம் அது.

வியாழக்கிழமை பட்டாணி வந்து எதிரே உட்கார்ந்தாள். விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது. சித்தி வீட்டில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. காலையிலிருந்து ஒட்டிவிட்டு வருகிறாள். மேஜைமேல் ஒரு தம்ளர் தண்ணீரும், அழுதால் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றும் இருந்தன.

"முழுக்கதையா சார், பாதியா?" என்று கேட்டாள்.

மீட்டர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"முழுசுன்னா அப்பா எங்கள விட்டுட்டுப் போனதுலேருந்து வரும். சரியா இருபத்தஞ்சு நிமிஷம். பாதின்னா போன் திருட்டுலேருந்து. புதுசா வர்றவங்க முழுசாதான் கேப்பாங்க."

"உனக்கு எதும்மா சௌகரியம்?"

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தூக்கம் வருது சார்."

மீட்டர்காரர் விதிகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். தூங்கக் கூடாது என்று எதிலும் இல்லை. "சரி, படுத்துக்கோ" என்றார். பட்டாணி மேஜைமேல் தலையைச் சாய்த்து அப்படியே அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அறிக்கைப் படிவத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் திண்டாடி, 'இருவரும் மௌனத்தில் பயணித்தோம்' என்று எழுதினார்.

அடுத்த மாதாந்தரக் கூட்டத்தில் மேடம் அந்த ஒரு வரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேங்க் மேனேஜர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் இருந்தும் அந்த ஆழம் வரல சார்." மீட்டர்காரர் வீட்டுக்குப் போகும்போது நடையே மாறியிருந்தது. தான் ஒன்றும் செய்யாதது ஒருவருக்கு இவ்வளவு பயன்படும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

நாலாவது வியாழன் பட்டாணி தூங்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் நீவிவிட்டாள். குளிர்பதனப் பயிற்சி நிலையத்தின் விண்ணப்பம். பிரிட்ஜும் ஏசியும் பழுதுபார்க்க ஒரு வருஷப் படிப்பு. தங்க விடுதி உண்டு.

"மருந்துக்கடையில பிரிட்ஜ் ரிப்பேர் பண்ண ஒருத்தர் வந்தாரு சார். பின்பக்கத்து மூடியக் கழட்டினாரு, நான் எட்டிப் பாத்தேன். உள்ள இவ்ளோதான் இருக்கு. ஒரு சின்ன மோட்டாரு, ரெண்டு குழாய். அதுக்குப் போய் எல்லாரும் என்னமோ பெரிய மர்மம் மாதிரி பயப்படறாங்க." அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒப்பிக்கிற தொனி இல்லை. "பதினெட்டு ஆகாதவங்களுக்குப் பெரியவங்க யாராச்சும் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். சித்தி போடாது. நான் போயிட்டா பெட்டி யார் ஒட்டறது?"

"வேற யார்கிட்டயாவது கேட்டியா?"

"பத்துப் பேர்கிட்ட கேட்டாச்சு. பேங்க் சாரு, 'இவ்ளோ நம்பிக்கையா என்கிட்ட கேட்டியே கண்ணு'ன்னு அழுதாரு. அழுது முடிச்சதும் நேரம் ஆயிடுச்சு."

மீட்டர்காரர் விண்ணப்பத்தை எடுத்து எண்களை மட்டும் படித்தார். கடைசி நாள் இருபத்தெட்டு. நேரம் மாலை ஐந்து. இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

"அண்ணன் வெளில வந்துட்டான் சார்" என்றாள் பட்டாணி, தாளைப் பார்த்தபடியே. சித்தி மகனைச் சொல்கிறாள். போன்களைத் திருடியவன் அவன்தான். பையைச் சுமந்தவள் இவள். அவனை உள்ளே வைத்து, இவளை எச்சரித்து ஒரு கடிதம் கொடுத்து, ஒரு வருஷம் நம்பிக்கை நிலையத்துக்குப் போய்வா என்று காவல்துறை அனுப்பியிருந்தது. "மறுபடியும் பையத் தூக்குங்கறான். இந்தத் தடவை மாட்டினா கடுதாசி குடுக்க மாட்டாங்க."

மீட்டர்காரர் அன்றைக்கே மேடத்திடம் போனார். மேடம் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"அவ கேட்டது கையெழுத்து இல்ல சார். அங்கீகாரம்."

"இல்ல மேடம், கையெழுத்துதான். கீழ கோடு போட்டு இடம் விட்டிருக்காங்க."

"நீங்க கோட்டைப் பாக்கறீங்க. நான் அந்தக் குழந்தையோட ஏக்கத்தைப் பாக்கறேன். இப்ப ஒரு கையெழுத்துக் குடுத்தா அவ காகிதத்தோட போயிடுவா. அந்த ஏக்கத்தை என்ன செய்யறது?"

"அவ அண்ணன் திரும்பி வந்துட்டான் மேடம். பையத் தூக்கச் சொல்றானாம்."

மேடம் கண்ணைச் சிறிது மூடித் திறந்தார். "எவ்வளவு செழுமையான ஒரு கட்டத்துல அவ இருக்கா பாருங்க. இந்த நேரத்துல உடன் இருக்கற வாய்ப்பு உங்களுக்குக் கிடைச்சிருக்கு."

ஆனாலும் நிலையம் கல்நெஞ்சு படைத்ததல்ல. அதற்கென்று ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ஆதரவு முடிவுக் குழு கூடித் தீர்மானித்தால் நிலையத்தின் முத்திரையையே குத்திக் கொடுக்கலாம். குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஐந்தாவது இடம் இளையோர் பிரதிநிதிக்கு. இளையோர் பிரதிநிதி பட்டாணி. தன்னைப் பற்றிய விஷயம் பேசும் கூட்டத்தில் எந்த உறுப்பினரும் உட்காரக் கூடாது என்பது விதி.

"அப்ப கூட்டமே நடக்காதே மேடம்."

"நடக்காதுன்னு எதுக்கு எதிர்மறையா நினைக்கறீங்க? இன்னொரு இளையோர் சேரட்டும், பிரதிநிதிய மாத்திடலாம். எங்கயோ ஒரு பிள்ளை இப்ப வழிதவறிட்டுத்தான் இருக்கும் சார்."

மீட்டர்காரர் முறைப்படி மனு எழுதிக் கொடுத்தார். மூன்று பிரதி. மனு கிடைத்ததற்குச் சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு இன்னும் ஐந்து நாள் காத்திருந்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "உங்க பேனாவுல மை இல்லையா?"

"அப்படி இல்ல. நான் போட்டா பதினாறாம் விதிய மீறினதாயிடும். என்னை நீக்கிடுவாங்க."

"நீக்கினா நீக்கட்டும். நான் வேற நோட்டீஸ் கிழிச்சிட்டு வர்றேன்."

"என்னை மட்டும் இல்ல. அவ பேர்ல பாதுகாப்பு மீறல்னு எழுதி மேல அனுப்புவாங்க. காவல்துறை குடுத்த கடுதாசி போயிடும். அவளைச் சீர்திருத்த இல்லத்துல போட்டுருவாங்க."

மிஷின் நின்றது. மனைவி ஊசியிலிருந்து நூலை இழுத்து விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இதெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா? எது பரவால்லன்னு அவகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வியாழன், கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்னால் கேட்டார்.

பட்டாணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கடுதாசி போனாப் போகட்டும் சார். விடுதியில இருந்தா அண்ணன் என்னை எங்க வந்து புடிப்பான்? நீங்க போடறீங்களா?"

"போடறேன்" என்றார் மீட்டர்காரர். அது வாக்குறுதி, ஆகவே அதுவும் விதிமீறல். அறுபது வயதில் முதல் தடவையாக எட்டடி தள்ளி நிற்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

விண்ணப்பத்தை நேரில் வந்துதான் கொடுக்க வேண்டும், பிள்ளையும் பெரியவரும் சேர்ந்து. சித்தி பட்டாணியை வெளியே விடுவது நிலையத்துக்கு வருவதற்கு மட்டும்தான். நிலையத்துக்கு வரும் அடுத்த நாள் இருபத்தெட்டு. அன்றைக்குத்தான் ஆண்டு விழாவும். விழாவின் பெயர் 'நோக்கம் கண்டோர் விழா.' வருஷம் முழுக்க இளையோரோடு பயணித்துத் தம் வாழ்வின் நோக்கத்தைக் கண்டுபிடித்த தொண்டர்களுக்குப் பதக்கம் அணிவிப்பார்கள். மதியம் இரண்டரைக்கு ஆரம்பம். சேர்ந்த தேதிப்படி அழைப்பதால் மீட்டர்காரர் நாற்பத்து மூன்றாவது.

நாற்காலிக் கடை நிறைந்து வழிந்தது. மேடையின் நடுவில் பட்டாணியை உட்காரவைத்து, 'எங்கள் நம்பிக்கை' என்று எழுதிய பட்டை ஒன்றைத் தோளிலிருந்து குறுக்காக மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தொண்டராக வருவார். பட்டாணி எழுந்து நின்று, "என்னோடு பயணித்ததற்கு நன்றி" என்று சொல்லிப் பதக்கத்தைக் கழுத்தில் போட வேண்டும். அதற்கு முன்னால் இயக்குநர் பேசினார். அவர் வருஷத்துக்கு ஒருமுறை வருபவர், அதனால் பேச நிறைய இருந்தது.

"நண்பர்களே, நீங்கள் இங்கே வெறுமையோடு வந்தீர்கள். தூக்கமில்லாமல் வந்தீர்கள். இன்றைக்கு உங்கள் முகங்களைப் பாருங்கள்! யார் உங்களை மீட்டது? இந்தப் பிள்ளைகள்! இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வீடு இருந்திருந்தால், ஒரு படிப்பு இருந்திருந்தால், இவர்கள் நமக்குக் கிடைத்திருப்பார்களா? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. ஆகவே இப்படிப்பட்ட பிள்ளைகள் நமக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று இந்த நன்னாளில் உறுதி ஏற்போம்."

எல்லோரும் எழுந்து உறுதி ஏற்றார்கள். மணி மூன்றரை.

பிறகு பதக்கங்கள். பேங்க் மேனேஜர் தன் முறைக்கு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பதினெட்டாவது தொண்டர் கவிதை எழுதிக்கொண்டு வந்திருந்தார். பட்டாணி உட்கார்ந்து எழுந்து, எழுந்து உட்கார்ந்து நன்றி சொன்னாள். அவள் கண் மட்டும் கூட்டத்தில் மீட்டர்காரரைத் தேடி, அவர் தலைக்கு மேலிருந்த கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது. இருபத்தேழாவது பதக்கத்தின்போது மணி நாலு பத்து.

மீட்டர்காரர் எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய் மேடை ஏறினார். "வாம்மா" என்று கையை நீட்டினார். தொடுதல் எத்தனையாவது விதி என்று மறந்துவிட்டது. பட்டாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இருவரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

அரங்கத்தில் யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். இது நிகழ்ச்சி நிரலில் இல்லாத, நெஞ்சைத் தொடும் ஒரு காட்சி என்று நினைத்துப் புகைப்படக்காரர் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து வாசல்வரை படமெடுத்தார். பேங்க் மேனேஜர் அழுத சத்தம் படிக்கட்டு வரை கேட்டது.

பஸ்ஸில் நாலு நிறுத்தம். பட்டாணி பட்டையைக் கழற்றிச் சுருட்டி இருக்கைக்கு அடியில் போட்டாள். சிரித்தாள். பல்வரிசை சீராக இல்லாத, நல்ல சிரிப்பு. "உங்களுக்குப் பதக்கம் போச்சே சார்" என்றாள். "அதை வெச்சு நான் என்னம்மா பண்ணப்போறேன்" என்றார் அவர். அன்றைக்குத் தன் வெறுமைக்கு எந்த எண்ணும் போட அவருக்குத் தோன்றவில்லை.

பயிற்சி நிலையத்தின் சாளரத்தில் இருந்த எழுத்தர் அம்மாள் களைத்தவள், கெட்டவள் அல்ல. "நல்லவேளை, நேரத்துக்கு வந்தீங்க" என்று விண்ணப்பத்தை வாங்கினாள். மணி நாலு நாற்பது. மீட்டர்காரர் கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டார். வழக்கமாகச் சுருக்கமாகப் போடுபவர், அன்றைக்கு முழுப் பெயரையும் எழுதினார். எழுத்தர் பட்டாணியின் அடையாள எண்ணைக் கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"இந்தப் பொண்ணு நம்பிக்கை நிலையத்தோட பராமரிப்புல இருக்கறதா காட்டுது. நீங்க அங்கயா?"

"ஆமா, தொண்டர். ஆனா இவ அங்க தங்கலையே. வாரத்துல சில நாள் வந்துட்டுப் போறா, அவ்வளவுதான்."

"பதிவு அப்படி இருக்கு சார். ஒன்பது பேரை அவங்க பராமரிப்புல எடுத்திருக்காங்க. தனி ஆள் கையெழுத்து செல்லாது. அவங்க முத்திரை வேணும்."

மீட்டர்காரர் மேடத்துக்குப் போன் செய்தார். நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்ததும் கைதட்டல்தான் முதலில் கேட்டது.

"சார்! என்ன ஒரு தருணம் சார் அது! இங்க எல்லாரும் இன்னும் கண்ணத் தொடச்சிட்டிருக்கோம்."

"மேடம், முத்திரை வேணும். அஞ்சு மணிக்குள்ள."

"முத்திரை பதிச்சிட்டுத்தான் சார் போயிருக்கீங்க, எல்லார் மனசுலயும்."

"ரப்பர் முத்திரை மேடம்! உங்க மேஜையில இருக்கறது!"

"சத்தம் கேக்கல சார், இயக்குநர் நன்றியுரை சொல்றாரு. நாளைக்குப் பகிர்ந்துக்கலாம்." போன் அடங்கிவிட்டது.

எழுத்தர் அம்மாள் ஐந்து மணிக்கு மேல் ஆறு நிமிஷம் திறந்துவைத்திருந்தாள். அதற்கு மேல் கணினியே வாங்காது என்றாள். சாளரத்தை இறக்கும்போது, "அடுத்த வருஷம் வாங்க" என்று பட்டாணியிடம்தான் சொன்னாள், அவரிடம் அல்ல. திரும்பும் பஸ்ஸில் பட்டாணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். விரலிலிருந்த பசையை உரித்து உரித்து மடியில் போட்டாள். இறங்கும் இடம் வந்ததும், "முன்னாடியே கேட்டிருந்தா, நிலையத்துப் பதிவுலேருந்து என் பேரை எடுக்கச் சொல்லியிருக்கலாம் சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் மனுச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மீட்டர்காரர் அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பட்டாணியைப் பையோடு பிடித்தார்கள். உள்ளே பதினேழு போன்கள். அண்ணன் ஓடிவிட்டான். அவளைச் சீர்திருத்த இல்லத்தில் சேர்த்தார்கள். நம்பிக்கை நிலையத்தின் பதிவேட்டில், 'மேல்நிலை நிறுவனத்துக்கு வெற்றிகரமாக மாற்றம்' என்று எழுதினார்கள். தொண்டர்கள் நாற்பத்து மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் இழப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். வியாழக்கிழமை நேரத்தை இனி எப்படிக் கழிப்பது என்று ஒரு பெண்மணி கதறினார். மீட்டர்காரரின் முறை வந்தபோது அவர், "நான் கையெழுத்துப் போட்டேன். நீங்க முத்திரையும் குத்தியிருந்தா அந்தப் பொண்ணு இப்ப படிச்சிட்டிருப்பா" என்றார். பதினாறாம் விதியை மீறியதை அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அவரை நீக்கினார்கள். நீக்கல் கடிதம் மிகவும் அன்பாக எழுதப்பட்டிருந்தது.

சீர்திருத்த இல்லத்துக்கு இரண்டு தடவை போனார். இரத்த உறவு இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். மனைவி தைத்துக் கொடுத்த சட்டையை வாயிலில் இருந்தவர் வாங்கிக்கொண்டார். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

விழா நடந்து பதினோரு மாதம் கழித்து மருந்துக்கடைக் கண்ணாடியில் புது விளம்பரம் ஒட்டியிருந்தது. பட்டாணியின் படம். 'என் பயணம்: ஓர் இளம்பெண் மனம் திறக்கிறாள். நம்பிக்கை நிலையம், இரண்டாவது மாடி. அனைவரும் வருக.' மீட்டர்காரர் சேர்க்கை தொடங்கிவிட்டதா என்று குளிர்பதன நிலையத்துக்குப் போன் செய்து கேட்டு, ஒரு விண்ணப்பத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

அறுபது நாற்காலியும் நிரம்பியிருந்தது. எல்லாம் புது முகங்கள், கையில் பதினான்கு பக்கப் படிவம். பட்டாணி சலவை செய்த உடையில், ஒலிபெருக்கியை உதட்டுக்குச் சரியான தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். அப்பாவில் ஆரம்பித்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி.

"அப்பத்தான் ஒரு மீட்டர் சார் என் வாழ்க்கையில வந்தாரு" என்றாள். கடைசி வரிசையில் மீட்டர்காரர் நிமிர்ந்தார். "மேடையிலேருந்து என் கையப் புடிச்சு இறக்கிக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு பேரும் ஓடினோம். அஞ்சு மணிக்கு ஜன்னல மூடுவாங்க. நாலு அம்பத்தொம்பதுக்கு அவர் கையெழுத்துப் போட்டாரு. இன்னிக்கு நான் ஒரு பிரிட்ஜ் மெக்கானிக். ஒரே ஒரு தொண்டர். அது நீங்களா இருக்கலாம்."

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. மூக்கு உறிஞ்சும் சத்தங்களுக்கு நடுவே மேடம் படிவங்களைச் சேகரித்தார்.

கூட்டம் கலைந்தபின் மீட்டர்காரர் மேடைக்குப் பக்கத்தில் போனார். பட்டாணி அவரைப் பார்த்ததும் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"இருக்கேன் சார். இல்லத்துலேருந்து இவங்க பொறுப்புலதான் விட்டாங்க. மாடியில ரூம் குடுத்திருக்காங்க. வாரத்துக்கு நாலு நாள் பேசணும்."

"மெக்கானிக்குன்னு சொன்னியே..."

"அது பேச்சுல." அவள் குரல் தாழ்ந்தது. "முதல்ல நடந்ததைத்தான் சொன்னேன் சார். ஜன்னல மூடிட்டாங்க, பஸ் ஏறித் திரும்பி வந்துட்டோம்னு. ஒருத்தர்கூட பேர் குடுக்கல. முடிவ மட்டும் கொஞ்சம் நம்பிக்கையா வெச்சுக்கோன்னு மேடம் சொன்னாங்க. இப்ப ஒரு கூட்டத்துக்கு இருபது பேர் சேர்றாங்க."

மீட்டர்காரர் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். "இன்னும் ஒரு மாசம் இருக்கும்மா. இந்தத் தடவை நான் நேரத்தோட வந்திருக்கேன். முத்திரைக்கு நானே மேடத்துகிட்ட நிக்கறேன், குத்தற வரைக்கும் நகர மாட்டேன்."

பட்டாணி தாளை வாங்கவில்லை. அதில் அச்சாகியிருந்த பிரிட்ஜ் படத்தை மட்டும் சற்று நேரம் பார்த்தாள்.

"நான் கேட்டாச்சு சார். பிரதிநிதியா வேற ஒரு பிள்ளை சேர்ந்துட்டதால குழு கூடிச்சு, இந்தத் தடவை அஞ்சு பேரும் வந்தாங்க. நான் போயிட்டா பேச ஆள் இல்ல, அதனால இப்போதைக்கு வேணாம்னு தீர்மானம் போட்டாங்க." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. "அடுத்த கூட்டம் அஞ்சரைக்கு. நீங்க கிளம்புங்க சார். தப்பா நினைக்காதீங்க, நீங்க எதிர்ல உக்காந்திருந்தா எனக்குச் சரியாச் சொல்ல வர மாட்டேங்குது."

மீட்டர்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படிக்கட்டில் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சுவரோரமாக ஒதுங்கி நின்று, கடைசி ஆள் ஏறும்வரை வழிவிட்டுவிட்டு இறங்கினார்.